முப்பிடாதி அக்கா பேயாக வந்த படம்

என் மனைவி கனகம் இறந்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், தினமும் காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஹண்டா, இந்த ஊர்த் தண்ணீர்க் குடம், நிறைந்து நின்றது. தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் விடிகிற நேரம் தண்ணீர் வரும். இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். நான் மாட்டுங்காவில் இஸ்திரி போடுகிறவன். ஆறு வயதுப் பெண் குழந்தையை எழுப்பி, குளிக்க வைத்து, எனக்குத் தெரிந்த மாதிரி தலை பின்னி விடுவதற்குள் குழாய் வறண்டு போகும். ஆனால் வீட்டில் தண்ணீருக்குக் குறை வந்ததே இல்லை. கதவைத் திறந்தால் ஹண்டா நிற்கும். தூசி விழாமல் மேலே ஒரு எவர்சில்வர் தட்டு மூடியிருக்கும். தட்டைக் கழுவிக் குழாயடித் திட்டில் வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் அதே தட்டு திரும்ப வரும்.

பக்கத்து வீட்டு ருக்குதான் வைக்கிறாள் என்று நினைத்து, தீபாவளிக்கு அவளுக்கு ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவளும் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் வைத்தது முப்பிடாதி அக்கா. அது எனக்குத் தெரியவந்ததே அவள் பேயாக நடித்த பிறகுதான்.

முப்பிடாதியம்மாள் என்பது முழுப் பெயர். களக்காட்டுப் பக்கம் ஒரு ஊரிலிருந்து பதினேழு வயதில் கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். புருஷன் பிரம்மநாயகம் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் இறந்தபோது மகன் செல்வம் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அக்கா பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்து, கிச்சடி கிண்டிப் போட்டு, அவனைப் படிக்க வைத்தாள். எங்கள் சந்தில் பதினைந்து வருஷமாகப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவள் கையால் சாப்பிட்டவைதான். நல்ல உயரம். எந்த வீட்டுக்குள் போனாலும் நிலைப்படியில் குனிந்துதான் நுழைவாள். முடி முழங்கால் வரை தொங்கும், பாதி நரை. சர்க்கரை வியாதி வந்து டீயில் சீனி போடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அந்த டாக்டரைத் திட்டாமல் அவள் ஒரு டீ குடித்ததில்லை.

"இதக் குடிக்கதுக்குக் குழாய்த் தண்ணியச் சூடு பண்ணிக் குடிக்கலாம்ல சொடலை" என்பாள். என் பெயர் சுடலைக்கண்ணன். அவளுக்கு நான் எப்போதும் சொடலைதான்.

கனகம் இரண்டாவது பிரசவத்தில் போனாள். பிள்ளையும் தங்கவில்லை. மூத்தவள் ஷாலினிக்கு அப்போது ஆறு வயது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, ஊரிலிருந்து பெரியப்பா போனில் கூப்பிட்டுச் சொன்னார். பிரசவத்தில் போனவள் சும்மா இருக்க மாட்டாள், பிள்ளை ஏக்கத்தில் திரும்பி வருவாள், மூத்ததையும் கொண்டுபோய்விடுவாள், நிலையில் இரும்பு ஆணி அடித்து வை என்றார். சந்தில் நாலு பேரும் அதையே சொன்னார்கள். சொன்னவர்கள் சொன்னார்கள், அடித்தது நான். நிலைப்படிக்கு மேலே விரல் நீளத்தில் ஒரு ஆணி. அடிக்கும்போது ஷாலினி பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதன் பிறகு அவள் வாசல் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் போனது. ஒருநாள் தௌசீப் பால்வாடிக்கு வந்தான். சினிமாவுக்கும் சீரியலுக்கும் கூட்டத்தில் நிற்க ஆள் கூட்டிப் போகிறவன். தாராவியிலேயே பிறந்து வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவான், நடுவில் ஹிந்தி தானாக வந்து விழும்.

"அக்கா, ஆறு பசங்க வேணும். ஹாரர் படம். மூணே நாள். வேன்ல கூட்டிட்டுப் போய் வேன்லயே வுட்டுருவேன். டென்ஷனே இல்ல."

"பேய்ப் படமால? பிள்ளைய எதுக்கு?"

"பேய் பசங்களத்தான் புடிக்கும். அதான் ஸ்டோரி."

அக்கா கூட வந்தால் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று தாய்மார்கள் சொன்னார்கள். ஷாலினியும் மற்றப் பிள்ளைகளோடு போக வேண்டும் என்று நின்றாள். அங்கே துணிக்கு இஸ்திரி போடவும் ஒரு ஆள் வேண்டும் என்று தௌசீப் சொன்னதால் நானும் வேனில் ஏறினேன்.

செம்பூரில் டிராம்பே போகிற சாலைக்கு உள்ளே ஒரு பழைய மாடி வீடு. இடிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் படத்துக்கு விட்டிருந்தார்கள். உள்ளே போனால் காலை பத்து மணிக்கே ராத்திரி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நிலா வெளிச்சத்துக்கு நீல விளக்கு.

டைரக்டர் பெயர் கண்ணா. மாட்டுங்கா பையன், முப்பது வயது இருக்கும். அவர்கள் வீட்டுத் துணிக்கு நான் இஸ்திரி போட்டிருக்கிறேன், அவருக்கு அது ஞாபகம் இல்லை. பேயாக நடிக்க யாரோ ஒரு அம்மாளை ஏற்பாடு செய்திருந்தார்கள், அந்த அம்மாளுக்குக் காய்ச்சல். டைரக்டர் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் படிக்கும் நடந்துகொண்டிருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. தலைக்குக் குளித்திருந்த அக்கா, முற்றத்து வெயிலில் முடியை விரித்துவிட்டு, ஆறு பிள்ளைகளுக்கும் பிஸ்கட் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் நடையை நிறுத்திவிட்டார்.

"தௌசீப், இந்த மாமி யாரு?"

"பசங்களப் பாத்துக்கற அக்கா, சார்."

"இவாதான் பேய்!"

எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அறுவது வருசமா எல்லாவனும் என்னப் பாக்கான். நீ ஒருத்தன்தான் தம்பி நெசத்தச் சொல்லியிருக்க."

பிறகு கதையைக் கேட்டாள். ஒரு தாய் அந்த வீட்டில் பிரசவத்தில் இறந்துபோகிறாள். இருபது வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டு போகிறாள். ஏன் அவ்வளவு கோபம் என்று அக்கா கேட்டதற்கு, வலி வந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் யாரும் கதவைத் திறக்கவில்லை என்றார் டைரக்டர்.

"அப்ப கோவப்பட்டதுல தப்பே இல்ல. நான் செய்யுதேன்" என்றாள் அக்கா.

முகத்துக்குச் சாம்பல் வெள்ளை, கண்ணுக்குக் கீழே கறுப்பு, கையில் நீள நகம். வெள்ளைச் சேலையை நான் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ஒரு பையன் அதை வாங்கி என் கண் முன்னாலேயே டீத்தண்ணீரில் முக்கிக் கசக்கினான். அதுதான் முறையாம். காய்ந்த பிறகு மறுபடி இஸ்திரி போடச் சொன்னான்.

எல்லாம் தயாராகி, பிள்ளைகள் ஆறும் கூடத்தில் நிற்க, மாடிப்படியில் பேய் இறங்கியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. நான்காவது படியில் வரும்போது, சின்னவன் ஒருவன் டவுசரைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான்.

"அத்தை, ஒண்ணுக்கு வருது."

"கட்! கட்!"

அடுத்த தடவை பேய் கையை நீட்டியதும், இன்னொன்று பிஸ்கட் என்று நினைத்துக் கையை நீட்டியது. அதற்கு அடுத்த தடவை எல்லாம் சேர்ந்து சிரித்தன. எந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் கிச்சடி ஊட்டினாளோ, அந்தப் பிள்ளைகள் முன்னால் அவளைப் பேயாகக் கொண்டுவந்து நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்? தௌசீப் தலையில் கை வைத்துக்கொண்டான். டைரக்டர் எடுத்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"இந்தப் பொண்ணு யாரு?"

ஷாலினி. மற்ற ஐந்தும் சிரிக்கும்போது அவள் ஒருத்தி மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கண் இமைக்கவில்லை. மூன்று தடவையும் அப்படியே நின்றிருக்கிறாள்.

தௌசீப் நல்லவன்தான். ஆனால் வாய் நிற்காது. "பாவம் சார், இவ அம்மா டெலிவரிலதான் போனாங்க" என்று சொல்லிவிட்டான்.

டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, அண்ணா என்று பேசினார். மறுநாள் முக்கியமான காட்சி. கதவு திறக்கும், வாசலில் பேய் நின்று, 'வா' என்று கையை நீட்டும். உள்ளே நிற்கிற குழந்தை பயந்து அலற வேண்டும். அதை ஷாலினி செய்தால் படம் ஜெயித்துவிடும் என்றார். முதல் நாள் மாதிரி மாமியை அவள் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது, மாமி வேறு வேனில் வரட்டும் என்றார். கடைசியாகக் கேட்டார்.

"உங்காத்துல அவாளோட பழைய சேலை ஏதாவது இருக்குமா அண்ணா? ஒரு நிமிஷ ஷாட்தான்."

எனக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லி வழக்கமில்லை. பெரிய இடத்துப் பையன் தோளில் கை போட்டுக் கேட்கும்போது வாய் வரவில்லை. மறுநாள் காலை பெட்டியைத் திறந்து, வளைகாப்புக்கு எடுத்த பச்சைச் சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டேன். ஷாலினி பார்க்காமல்தான் எடுத்தேன். பார்க்கக் கூடாத காரியம் என்று எனக்கே தெரிந்திருக்கிறது.

முற்றத்தில் மேசை போட்டு அந்தச் சேலையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

"இது கனகத்துச் சேலைல்லா?"

"கேட்டாங்கக்கா. ஒரு நிமிசந்தானாம்."

"யாரு உடுத்த?"

நான் சேலை மடிப்பை நீவினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் சேலையை எடுத்து நாலாக மடித்து, எட்டாக மடித்து, பையில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

"அந்த வெள்ளச் சேலைக்கு இஸ்திரி போடு. புள்ள எங்க?"

வேனில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா போய்க் கையைப் பிடித்து இறக்கி, முற்றத்து ஓரத்தில் இருந்த மேக்கப் நாற்காலிக்குக் கூட்டி வந்தாள். தன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். மேக்கப்காரரிடம் கறுப்பு டப்பாவை வாங்கி ஷாலினி கையில் கொடுத்தாள்.

"கண்ணுக்குக் கீழ நீயே பூசு. குத்திராதட்டி, எனக்கு இருக்கதே ரெண்டு கண்ணு."

ஷாலினி முதலில் தொடவில்லை. பிறகு ஒரு விரலால் தொட்டுப் பூசினாள். பூசப் பூசக் கை தைரியமாக ஓடியது. அடுத்த கண்ணுக்கு வரும்போது கேட்டாள்.

"அத்தை, எங்கம்மாவும் இப்படித்தான் இருப்பாளா?"

"யாருட்டி சொன்னா?"

"எல்லாரும். அம்மா வந்தா என்னையும் கொண்டுபோயிருவாளாம். வரக் கூடாதுன்னுதான் அப்பா ஆணி அடிச்சிருக்காங்க."

அக்கா திரும்பவில்லை. கண்ணாடிக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் கையை எடுக்க மறந்துவிட்டேன். கருகின வாடை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். பேயின் சேலைக் கரையோரம் பெட்டியின் முனை அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. இருபது வருஷத் தொழிலில் நான் துணியைக் கருக்கியது அன்று ஒருநாள்தான்.

அக்கா ஷாலினியிடம் கேட்டாள். "நம்ம கோயில்ல இசக்கி இருக்காள்லா, அவ இடுப்புல என்னட்டி இருக்கு?"

"புள்ளை."

"அவளும் சாகக் கூடாத சாவு செத்த பொம்பளதான். அவளுக்கு இல்லாத கோவமா? இன்னைக்கு ஊர்ல உள்ள புள்ளைக்கெல்லாம் காச்சல்னா யாருகிட்டப் போறோம்?"

"இசக்கிகிட்ட."

"உங்கம்மாவுக்கு ஊர்ப்புள்ள எல்லாம் வேண்டாம். நீ ஒருத்திதான். ஒன்னப் பாக்க வந்தான்னா என்ன மாதிரித் தலைய விரிச்சுப் போட்டுட்டா வருவா?"

ஷாலினி யோசித்தாள். "சீவிட்டுத்தான் வருவா. பூ வெச்சிருப்பா."

"பெறவு என்ன? அந்தக் கண்ணுல இன்னுங் கொஞ்சம் பூசு. பேய்க்கு ஒறக்கம் கெடையாதுல்லா."

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் இசக்கிக்கு விளக்குப் போடுகிறவன். அந்த அம்மன் யார், எப்படி இறந்தவள், எதற்குத் தெய்வமானாள் என்பதெல்லாம் வில்லுப்பாட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அவளுக்கு விளக்கு ஏற்றிவிட்டு வந்து, என் வீட்டுக்காரியை ஆணி அடித்து வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

டைரக்டர் வந்து பார்த்தார். பேயும் குழந்தையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. குழந்தை பேய்க்கு நகம் ஒட்டுகிறது.

"என்ன மாமி இது? அவ பாக்கப்படாதுன்னேனே! நேக்குப் பயம் வேணும். நிஜமான பயம்."

"பயங்காட்டுதது என் சோலி தம்பி. புள்ளைக்கு அது வெளையாட்டு. வெளையாட்டாத்தான் இருக்கணும்."

"இப்படிப் பண்ணினா நான் வேற ஆளைப் பாத்துக்க வேண்டியதுதான்."

"பாத்துக்க. பேய் எங்கயும் கெடைக்கும். ஆனா இந்த ஆறும் என் கையப் புடிச்சுட்டு வந்ததுக. நான் வேன்ல ஏறுனா என் பின்னாலயே ஏறும்." அக்கா சத்தம் போடவில்லை. நகத்தைக் காய வைத்துக்கொண்டே பேசினாள். "ஒரு மணி நேரம் குடு. நீ கேக்க பயத்த இந்தப் புள்ள தருவா. தரலேன்னா நானே இந்த வேசத்தோட மாட்டுங்கா வந்து உங்கம்மா கையால காப்பி குடிச்சுட்டுப் போறேன்."

டைரக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மா காப்பி குடுக்க மாட்டா மாமி, ஆத்தை விட்டு ஓடிடுவா" என்றார். ஒரு மணி நேரம் கொடுத்தார்.

அக்கா ஷாலினியைக் கதவுக்கு உள்பக்கம் நிறுத்தி, தான் வெளியே நின்று, எத்தனை எண்ணினால் கதவு திறக்கும், எந்த எண்ணில் கை நீளும் என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகினார்கள். அலறுவது எப்படி என்று ஷாலினி கேட்டாள்.

"குழாயடியில அன்னைக்குப் பெருச்சாளி ஒன் கால் மேல ஏறிச்சே, அத நெனச்சுக்க. நான் நீட்டுதது கையில்ல, பெருச்சாளி."

முதல் தடவை ஷாலினி சிரித்துவிட்டாள். டைரக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இரண்டாவது தடவை கதவு திறந்தது. வாசல் நிறைய அக்கா நின்றாள், தலை நிலையில் இடிக்க. "வா" என்றாள். அது ஒரு கூப்பிடுதலா, அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. ஷாலினி ஒரு அலறல் போட்டாள். விளக்குப் பிடித்திருந்த ஆள் இரண்டு அடி பின்னால் போனான். தௌசீப் என் கையைப் பிடித்துக்கொண்டான், ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"கட்! ஓகே!"

எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா உள்ளே வந்து, ஏழு வயதுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஷாலினி அவள் காதைப் பிடித்துக்கொண்டு, "நல்லாக் கத்துனேனா அத்தை?" என்று கேட்டாள்.

"எனக்கே ஒண்ணுக்கு வந்துட்டு" என்றாள் அக்கா.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் தோஷம் என்பார்கள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்ததும் மேக்கப்காரர் அதை ஞாபகப்படுத்தினார். அக்கா முகத்தைக் கழுவி, கொண்டை போட்டு, பொட்டு வைத்து வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள். ஷாலினியையும் கூப்பிட்டு நிறுத்தினாள். இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். அப்போதுதான் டைரக்டர் பக்கத்தில் போய், "மாமி, நேத்திக்கு நான் கேட்டது தப்பு" என்றார். "தெரிஞ்சா சரி. சீனி போடாம ஒரு டீ கொண்டாரச் சொல்லு" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற நேரத்திலேயே எழுந்து கதவைத் திறந்தேன். வாசலில் அக்கா குனிந்து ஹண்டாவை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கையில் அந்த எவர்சில்வர் தட்டு.

"நீங்களாக்கா?"

"பெறவு யாரு, பேயா?"

தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பிரம்மநாயகம் என்று பெயர் வெட்டியிருந்தது. ஒரு வருஷமாகக் கழுவியிருக்கிறேன், ஒருநாள் திருப்பிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இடுப்பிலிருந்து ஒரு குறடு எடுத்து நீட்டினாள்.

"நீ அடிச்சது. நீயே புடுங்கு. புள்ளைய எழுப்பிப் பாக்க வச்சுப் புடுங்கு."

ஷாலினி பாயில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். ஆணி லேசில் வரவில்லை. மரத்தோடு துருப்பிடித்து இறுகியிருந்தது. வந்ததும் ஷாலினி கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள். அன்று இரவு வாசல் பக்கம் தலை வைத்துப் படுத்தாள்.

அக்கா அதோடு விடவில்லை. எங்கள் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைப்பது. தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை இறக்கி வைக்கலாம். இறக்காத சுமையோடு போனவளுக்கு, ஊரார் இறக்குகிற ஒவ்வொரு சுமையிலும் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. தாராவியில் தலைச்சுமையோடு நடக்கச் சாலை எங்கே இருக்கிறது? அக்கா குழாயடியைக் காட்டினாள். ஒரு வீட்டில் சமையல் மேடை உடைத்தபோது கிடைத்த கடப்பாக் கல்லை நானும் அவளும் தூக்கி வந்தோம். இரண்டு பக்கமும் சிமெண்டுக் கட்டி வைத்து, இடுப்பு உயரத்துக்கு நிறுத்தினோம். ஷாலினி சிவப்புப் பெயிண்டில் கனகம் என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில் ஹிந்தி படிக்கிறவள், தமிழ் எழுத்து அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதியது, கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

வழியை அடைக்கிறது என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுப் பெண்களே நிறைந்த ஹண்டாவை அதில் வைத்து, அங்கிருந்து இடுப்புக்கு மாற்றினார்கள். பிறகு யாரும் பேசவில்லை. இப்போது நானும் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கிறேன். ருக்குவுக்கு முட்டுவலி என்பதால் அவள் வீட்டு ஹண்டாவையும் நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன். இனிப்பு கொடுத்த கணக்கு அவளுக்கு இப்படி லாபமாகவே முடிந்தது.

படம் அடுத்த வருஷம் வந்தது. சந்தில் பாதிப் பேர் பகல் ஆட்டத்துக்குப் போனோம். பேய் கதவில் வந்து நின்றதும் தியேட்டரே கத்தியது. சேலைக் கரையில் என் இஸ்திரிப் பெட்டித் தடம் நன்றாகத் தெரிந்தது. ஷாலினிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷாலினி அவள் கையைத் தட்டி, "டரோ மத் ஆன்ட்டி, பயப்படாதீங்க, அது எங்க அத்தை. நான்தான் மேக்கப் போட்டேன்" என்றாள். படம் முடியும்போது, பெயர்களெல்லாம் ஓடின பிறகு, கொண்டையும் பொட்டுமாக அக்காவும் ஷாலினியும் பல் தெரியச் சிரிக்கிற காட்சியை டைரக்டர் வைத்திருந்தார். அதுவரை எழுந்து போகாமல் இருந்தது நாங்கள் மட்டும்தான்.

அக்காவின் மகன் செல்வம் நெருளில் வீடு வாங்கினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை அங்கே கூட்டிப் போனான். போன பங்குனியில் அங்கேயே இறந்துவிட்டாள். மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மன் அவளை நோகாமல் எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் அவளைக் கடைசியாகப் பார்த்தது அவள் நெருளுக்குக் கிளம்பிய அன்றுதான். தொண்ணூறடி சாலையில் டாக்ஸி நின்றது. கிளம்புவதற்கு முன்னால் அக்கா தன் துணிப்பையைக் கனகத்தின் கல்லில் ஒரு நிமிஷம் இறக்கி வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு நடந்தாள். டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தின பிறகு, ஷாலினி ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டாள்.

"அத்தை, நீங்க செத்துப்போனா பேயா வருவீங்களா?"

செல்வம் முன்சீட்டிலிருந்து திரும்பி முறைத்தான். அக்கா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வராம பெறவு? கதவ மட்டும் சாத்திராதட்டி. ஒரு டீ போட்டு வையி, சீனி மூணு கரண்டி. செத்தவளுக்கு ஏது சுகரு!"